எட்டு நிறங்களில் ஒரு கோடு

என்னைக் கோபக்காரி என்று சொல்வார்கள். சொல்லட்டும். குருநகரில் பிறந்து, மீன் ஏலம் கூறுகிறவர்களின் சத்தத்துக்கு மேலே சத்தம் வைத்துக் கதைத்து வளர்ந்தவள் மெல்லமாகவா கதைப்பாள்? ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் கத்தவே இல்லை. கத்தாமல் விட்டதால்தான் இத்தனை நாளாகியும் வயிறு எரிகிறது.

யாழ்ப்பாணத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தில், பௌதிகவியல் துறையில், தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தேன். எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குத் தேவையில்லை. தற்காலிகம் என்ற அந்தச் சொல்லோடு ஆறு வருடம் சீவித்தேன். நிரந்தரமாவதற்கு ஒரே வழிதான் இருந்தது. எம்.பில். என்கிற முதுதத்துவமாணிப் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் குறித்த நாளுக்குள் கையளிக்க வேண்டும். கையளித்தால் வேலை உறுதி. தவறினால் அந்த மாதக் கடைசியில் மேசை லாச்சியைக் காலி செய்துகொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

என் ஆய்வு, துருவ ஒளி தெரிகிற வானத்தைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் எங்கே அதெல்லாம் தெரிகிறது என்று கேட்காத ஆள் இல்லை. கல்யாண வீட்டில் கேட்டார்கள், செத்த வீட்டிலும் கேட்டார்கள். நான் அந்த ஒளியை நேரில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற சனம் மோட்சத்தைப் பார்த்துவிட்டா போகிறது? பார்க்காத ஒன்றைக் கணக்குப் போட்டு அறியலாம் என்பதுதான் எனக்குப் பௌதிகத்தில் பிடித்த விஷயம். அதை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன்.

வட துருவத்துப் பக்கம், விமானம் பறக்கிற உயரத்துக்கும் மிக மிக மேலே, காற்று ஐதாக, மிக மெலிதாக இருக்கிறது. அங்கே சில அணுக்கள் ஓர் இலத்திரனை இழந்து மின்னேற்றம் பெற்றிருக்கும். அவைதான் அயன்கள். பூமியின் காந்தப்புலம் அவற்றைச் சுற்ற வைக்கும். துருவ ஒளி ஆடுகிற வேளையில் வருகிற பலத்த மின்புலம் அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியில் ஒரு சாதாரண அணுவோடு முட்டினால் அநேகமாக ஏற்றம் கைமாறிவிடும். ஓடி வந்த அயன் வெறும் அணுவாகிவிடும். சும்மா நின்ற அணு புதிய அயனாகி, நின்ற நிலையிலிருந்து ஓடத் தொடங்கும். இப்படி இலட்சக்கணக்கான அயன்களைக் கணினிக்குள் ஓடவிட்டு, எந்த வேகத்தில் எத்தனை போகின்றன என்று எண்ணி வரைவதுதான் என் வேலை. அந்தப் படத்துக்கு வேகப் பரம்பல் என்று பெயர்.

சாதாரணமாக அந்தப் படம் லொறி கொட்டிய மணல் குவியல் மாதிரி வரும். நடுவில் உயரம், ஓரங்களில் சரிவு. அதாவது சராசரி வேகத்தில்தான் கூட்டம் அதிகம். மின்புலம் பலமாக இருந்தால் நடுவில் பள்ளம் விழும். அயன்கள் சராசரியைச் சுற்றிச் சுற்றி நிற்குமே தவிர, சராசரியில் கிட்டத்தட்ட ஒன்றும் நிற்காது. மேலேயிருந்து பார்த்தால் உழுந்து வடை. மாணவர்கள் எனக்கு 'வடை மிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வடையை நான் கண்டுபிடிக்கவில்லை. பிற நாடுகளில் முன்பே எழுதியிருக்கிறார்கள். மின்புலம் எவ்வளவு பலமானால் பள்ளம் தொடங்குகிறது என்பதுதான் என் கேள்வி. எல்லோரும் நினைப்பதைவிடக் கொஞ்சம் முந்தியே தொடங்குகிறது என்று என் கணக்குச் சொல்லியது. அது உண்மையானால், குவியல் என்று நம்பி ராடர் தரவைப் படிக்கிறவர்கள் அந்த உயரத்து வெப்பநிலையைப் பிழையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சின்ன விஷயம்தான். ஆனால் என்னுடைய விஷயம்.

எங்கள் துறைத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. அவர்தான் என் மேற்பார்வையாளரும். நல்ல ஆசிரியர், பொய் சொல்லக்கூடாது. முதலாம் வருடத்தில் அவர் படிப்பித்த பௌதிகம் இன்னும் என் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் அவர் கடைசியாக ஒரு கணினி நிரலைத் தன் கையால் எழுதி ஓட்டியது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது. என் படத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, சராசரி எங்கையோ அங்கைதான் சனம் நிக்கும். உந்தப் புலத்துக்குப் பள்ளம் வராது. உது உம்மடை எழுமாற்று எண்களின்ரை ஆட்டம். தேய்ச்சு மட்டமாக்கி, ஒப்பரவாக்கிப் போட்டு எழுதும்."

எழுமாற்று எண்கள் என்று அவர் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஓர் அயன் எப்போது முட்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே கணினியைத் தாயக்கட்டை உருட்டுவதுபோல எண்களை எடுக்கச் சொல்லி, அந்த எண்ணைக் கொண்டு அயனின் தலைவிதியைத் தீர்மானிப்போம். அயன்கள் போதாவிட்டால் படத்தில் நடுக்கம் இருக்கும். அந்த நடுக்கத்தைத்தான் நான் பள்ளம் என்று நினைக்கிறேன் என்பது அவருடைய வாதம். அவர் அப்படிக் கேட்டதில் பிழையே இல்லை. கேட்கவேண்டிய கேள்விதான். தேய்த்துவிடு என்றதுதான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தேய்ப்பதற்கு இது என்ன, கறிச்சட்டியா?

முடியாது என்று சொன்னேன். அப்படியானால் எட்டு முறை ஓட்டிக் காட்டும், எட்டிலும் பள்ளம் வந்தால் பார்ப்போம் என்றார்.

எனக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு கணினி. ஆய்வுகூடத்தின் மற்றப் பதினொரு கணினிகளும் கிழமை நாள்களில் மாணவர்களுக்கு. ஓர் ஓட்டத்துக்கு நான்கு நாள் வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு மெயின் சுவிச்சை நிறுத்திப் பூட்டிவிடுவார்கள். முன்பொரு முறை ஒரு மின்னடுப்பை யாரோ நிறுத்த மறந்து மேசை எரிந்ததிலிருந்து அது தலைவர் போட்ட சட்டம். ஆகவே திங்கள் காலை தொடங்கினால் வெள்ளி காலை முடியும். கிழமைக்கு ஓர் ஓட்டம். எட்டுக் கிழமை. இடையில் கரண்ட் போனால் அந்தக் கிழமை நாசம், திரும்பவும் முதலிலிருந்து. மூன்று கிழமை அப்படிப் போனது. மின்சார சபை அலுவலகம் இருந்த திசையைப் பார்த்து நான் பேசிய பேச்சைக் கேட்டிருந்தால் எங்கள் பங்குத் தந்தை பூசையில் எனக்கு நற்கருணை தரமாட்டார்.

கடைசியில் எட்டும் முடிந்தன. துறைக் கருத்தரங்கில் காட்டினேன். எட்டு ஓட்டங்களையும் எட்டு நிறங்களில் ஒரே படத்தில் வரைந்திருந்தேன். எட்டிலும் பள்ளம். ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று. தலைவர் முன்வரிசையில் இருந்து திரையையே பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நடுக்கம் எங்கே சேர் என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன், அவ்வளவு பேருக்கும் முன்னால். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். கன்ரீனில் எனக்கு நானே இரண்டு றோல்ஸ் வாங்கித் தின்றேன்.

அடுத்த நாள், வியாழக்கிழமை, ஆய்வேட்டை அச்செடுக்கப் போட்டோக் கொப்பிக் கடைக்குப் போனேன். கையளிக்கப் பதினொரு நாள் இருந்தது. அந்தக் கடையை நடத்துகிற அக்கா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, கலர் எது, கறுப்பு வெள்ளை எது என்று பிரிப்பார். எழுபத்தோராம் பக்கத்தில் கை நின்றது.

"மிஸ், கீழை எட்டு நிறம் எண்டு போட்டிருக்கு. மேலை ஒரு கறுப்புக் கோடுதானே கிடக்கு. பிறகென்னத்துக்குக் கலர்?"

மற்றக் கோடுகள் அதற்குக் கீழே இருக்கின்றன, கடைசியாக வரைந்தது கறுப்பு, அதனால் அது மட்டும் தெரிகிறது என்று பெரிய மனுசி மாதிரி விளக்கம் சொன்னேன். அவர் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில்கூட ஒரு சிவப்பு, ஒரு பச்சை எட்டிப் பார்க்கவில்லையே, எட்டும் ஒன்றா என்று கேட்டார். அவருக்குத் தெரிந்து ஒரே தாளை மெஷினில் இரண்டு முறை விட்டால்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் விழுமாம்.

எனக்குக் காது சுட்டது. அச்செடுக்க வேண்டாம் என்று தாள்களைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தேன். எட்டுப் பேர் தனித்தனியாகத் தாயக்கட்டை உருட்டுகிறார்கள். எட்டுப் பேருக்கும் அதே எண்கள் அதே வரிசையில் விழுகின்றன. அப்படி விழுந்தால் முதலில் கட்டையை அல்லவா தூக்கிப் பார்க்க வேண்டும்? எழுமாற்று எண்களில் ஓடிய எட்டு ஓட்டங்கள் மயிரிழை பிசகாமல் பொருந்துவது நடக்கிற காரியமா? ஒரு கருத்தரங்கு நிறைய பௌதிகக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதை விடுங்கள், நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். கலர் வீணாகிறதே என்று கவலைப்பட்ட ஒருவருக்குத்தான் தோன்றியது.

ஆய்வுகூடத்துக்கு ஓடிப் போய் நிரலைத் திறந்தேன். பத்தாவது வரியிலேயே கிடந்தது. கணினி எண்களை உருட்டத் தொடங்குவதற்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். விதை என்போம். ஒரே விதையைக் கொடுத்தால் ஒரே எண்கள் ஒரே வரிசையில் வரும். நிரலில் பிழை திருத்துகிற காலத்தில் எல்லோரும் விதையை நிலையாக வைத்திருப்பார்கள், அப்போதுதான் அதே பிழை திரும்ப வரும், பிடிக்கலாம். பிழை திருத்தி முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். நான் எடுக்கவில்லை. நான் கொடுத்திருந்த விதை அப்பாவின் பழைய வள்ளத்தின் பதிவு எண். ஆசைக்கு வைத்தது அப்படியே இருந்தது. மூன்று மாதமாக நான் ஓட்டியது எட்டு ஓட்டமல்ல. ஒரே ஓட்டத்தை எட்டு முறை.

மொக்கு, மொக்கு, மொக்கு என்று என்னை நானே ஏசினேன். ஆய்வுகூடத்தில் இருந்த பிள்ளைகள் தங்களைத்தான் ஏசுகிறேன் என்று எழுந்து போய்விட்டார்கள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். அதை மறைக்கப் போவதில்லை, அந்த யோசனை வந்தது. கருத்தரங்கு ஏற்றுக்கொண்டாயிற்று. அச்சடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். ஆனால் அந்தப் பள்ளம் உண்மையா, என் ஒரே ஓட்டத்தின் நடுக்கமா என்பது இப்போது எனக்கே தெரியாது. தேய்த்துவிடு என்றவரோடு மூன்று மாதம் சண்டை பிடித்துவிட்டு நானே ஒரு பொய்யைக் கட்டிக் கொடுப்பதா? அதை நினைக்க எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல் இருந்த கோபம் பெரிதாகிவிட்டது.

வெள்ளி காலை தலைவரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விதை, எட்டு முறை, ஒரே கோடு, எல்லாம். கேட்டுவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். நான் அப்பவே சொன்னனான் எல்லே என்றார். அவ்வளவுதான் அவர் முகத்தில் இருந்தது. பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். திங்கள் பௌர்ணமி, போயா விடுமுறை. இன்று பின்னேரத்திலிருந்து செவ்வாய் காலை வரை ஆய்வுகூடத்தில் ஒருவரும் இல்லை. கிட்டத்தட்ட நான்கு நாள். மெயின் சுவிச்சை நிறுத்தாமல் விட்டால், எட்டுக் கணினிகளில் எட்டு வேறு விதைகளோடு ஒரே நேரத்தில் ஓட்டிவிடலாம். செவ்வாய்க்கிழமை உண்மை தெரிந்துவிடும். பள்ளம் இல்லையென்றால் நானே தேய்த்துத் தருகிறேன், உங்கள் காலில் விழுந்து மன்னிப்பும் கேட்கிறேன் என்றேன். கோபக்காரியான நானா இப்படிக் கேட்டேன்!

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். நான் அங்கேயே காவல் இருக்கிறேன் என்றேன். அதுவும் சட்டத்தில் இல்லையாம். பிறகு, தனக்கு மிகவும் நல்ல மனம் என்பது மாதிரிச் சொன்னார்.

"உதை இப்ப ஏன் கிண்டுறீர்? ஒப்பரவாக்கிப் போட்டு குறிச்ச நாளைக்குள்ளை தாரும். நான் கையெழுத்து வைக்கிறன். உம்மடை வேலை நிக்கும்."

அந்த மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டுப் பேப்பர் வெயிற் இருந்தது. அதைத் தூக்கி எறியவில்லை. சரி சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்னேரம் நான்கு மணிக்கு மெயின் சுவிச் விழுந்த சத்தத்தை வாசலில் நின்று கேட்டேன். பன்னிரண்டு கணினிகளும் நாலு நாளைக்கு இருட்டில் கிடந்தன, ஒரு வேலையும் செய்யாமல்.

அன்று பின்னேரம் கொழும்புத்துறை வீட்டுக்குப் போய்ச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு இருந்தேன். அண்ணை வந்தார். அண்ணை குருநகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்க்கிறவர். ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அயனும் விளங்கவில்லை, விதையும் விளங்கவில்லை. கரண்ட் நிற்காத இடம் வேண்டும் என்பது மட்டும் விளங்கியது.

"அதுக்கு ஏன் உந்தாளின்ரை காலிலை விழுறாய்? எங்கடை ஐஸ் பக்ரறியிலை கொண்டுவந்து வை. கரண்ட் போனால் ஜெனரேற்றர் உடனை பிடிக்கும். இல்லாட்டி இறால் நாறிப்போமெல்லே."

இரவல் வாங்கியதும் சொந்தமுமாக ஞாயிற்றுக்கிழமைக்குள் நான்கு மடிக்கணினிகள் சேர்ந்தன. எல்லாம் கிழடுகள். ஆய்வுகூடத்தில் நான்கு நாளில் முடிகிற ஓட்டம் இவற்றில் ஒன்பது நாள் எடுக்கும். எட்டு ஓட்டத்துக்கு இரண்டு சுற்று, பதினெட்டு நாள். கையில் இருந்தது எட்டே எட்டு. முதற் சுற்று முடிகிற நாளுக்கு முந்தின நாள் கையளிக்கும் நாள். அப்போதும் ஏதோ நம்பிக்கையில், ஒரு நாளைப் பிச்சை கேட்டால் தரமாட்டார்களா என்று தொடங்கினேன். விதைகளுக்கு எண் வேண்டும் என்றேன். அண்ணை இறங்குதுறைக்குப் போய், அங்கே கட்டியிருந்த எட்டுப் படகுகளின் எண்களை ஒரு பெட்டி மட்டையில் எழுதிக்கொண்டு வந்தார். எட்டும் வேறு வேறா என்று நான்கு தரம் சரிபார்த்தேன்.

நிறுவை எழுதுகிற அறையில், ஈரம் படாத ஒரு தட்டில், நாலு மடிக்கணினிகளும் வரிசையாக இருந்தன. வெளியே ஐஸ் கட்டி அரைக்கிற சத்தம். அமோனியா மணம். நண்டு கொண்டு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, உதுக்குள்ளை என்ன ஓடுது என்று கேட்பார்கள். தங்கச்சியின்ரை அயன்கள் என்று அண்ணை சொல்லுவார். எங்கே ஓடுகிறது என்றால், நோர்வேக்கு மேலாலை என்பார். அதில் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. எங்கள் பக்கத்தில் நோர்வேயில் சொந்தம் இல்லாத வீடு எது? ஒரு நண்டு வியாபாரி தன் மச்சான் அனுப்பிய வீடியோவைக் காட்டினார். பனிக்கு மேலே பச்சை ஒளி. துருவ ஒளி அசைவதை நான் முதன்முதலில் பார்த்தது அந்த நண்டுக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுதான். உந்த விளக்குக்கோ இவ்வளவு பாடு என்று அவர் கேட்டார். அவரோடு எனக்குக் கோபமே வரவில்லை.

ஒரு நாள் நீடிப்புக் கேட்டு எழுதிய கடிதத்துக்குத் துறையிலிருந்து ஒரு வரி பதில் வந்தது. ஆய்வேட்டுக்கு மட்டும் அபராதத்தோடு மூன்று மாத நீடிப்பு உண்டு, பதவிக்கு நீடிப்பு இல்லை. கீழே தலைவரின் கையெழுத்து, முத்து முத்தாக.

கையளிக்கும் நாள் வந்தது. நான் ஐஸ் தொழிற்சாலையில்தான் இருந்தேன். நான்கு ஓட்டங்களும் முடிய இன்னும் ஒரு நாள்தான் என்பதால் ஏறத்தாழ முழு உருவமும் தெரிந்தது. வரைந்து பார்த்தேன். நான்கு கோடுகளும் நான்கு பக்கம் நடுங்கிக்கொண்டு கிடந்தன. இரண்டில் பள்ளம் நன்றாகத் தெரிந்தது. ஒன்றில் இலேசாக. நான்காவதில் பள்ளம் என்று சொல்லவே முடியாது, கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. தலைவர் சொன்னதுதான் சரியோ என்று அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. நான்கை வைத்துக்கொண்டு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் அவர் வாங்கமாட்டார். தேய்த்துக் கொடுத்தால் பின்னேரம் நான்கு மணி வரை வாங்குவார்.

அண்ணை என் பக்கத்தில் வந்து குந்தினார். படத்தைப் பார்த்து, நண்டு வெட்டின வலை மாதிரிக் கிடக்கு என்றார். பிறகு கேட்டார்.

"இண்டைக்குக் குடுக்காட்டி வேலை போகுமோ?"

"ஓம்."

"குடுத்தால்?"

"எனக்குத் தெரியாத ஒண்டைத் தெரியும் எண்டு எழுதினதாப் போகும்."

அவர் வேலையை விடாதே என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் ஜெனரேற்றருக்கு எண்ணெய் பார்த்துவிட்டு வந்தார். மிச்ச நாலையும் ஓடவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நான்கு மணிக்கு நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நான்கு ஐந்துக்கும் பார்த்தேன். ஆறு வருடம் அந்த ஐந்து நிமிடத்தில் போனது.

இரண்டாம் சுற்று முடிந்தபோது லாச்சியைக் காலி செய்தாயிற்று. எட்டையும் ஒன்றாக வரைந்தேன். எட்டுக் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, சிக்குப்பட்ட நூல்போல இருந்தன. ஆனால் நடுவில், நிரம்பியிருந்த அந்த ஒன்றைத் தவிர, ஏழும் சேர்ந்து இறங்கின. எட்டையும் கூட்டிப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. நான் முதலில் காட்டியதைவிட ஆழம் குறைவு, கிட்டத்தட்ட அரைவாசிதான். ஆனால் பள்ளம் பள்ளம்தான். சராசரி இருக்கிற இடத்தில் சனம் இல்லை, சேர். நான் அழுதேன். மகிழ்ச்சியில் அல்ல. செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்க வேண்டியது இது.

அபராதத்தைக் கட்டி, நீடித்த காலத்துக்குள் ஆய்வேட்டைக் கையளித்தேன். வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் நடுங்குகிற கோடுகளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். விளங்கப்படுத்தினேன். தலையாட்டிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போனார். தலைவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்ச்சி, சிறு திருத்தங்களோடு. திருத்தங்களைத் துறைத் தலைவர் எழுதி அனுப்புவார், அவர் கையெழுத்து வைத்தால் பட்டம்.

இரண்டு கிழமையால் திருத்தப் பட்டியல் வந்தது. எழுத்துப் பிழைகள் சில. கடைசி வரி இது: எழுபத்தோராம் பக்கத்துப் படம் ஒப்பரவாக இல்லை, கருத்தரங்கில் காட்டிய படம் தெளிவாக இருந்தது, அதை இடவும்.

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். வன்மத்தில் எழுதியிருந்தால்கூட எனக்கு ஒரு ஆறுதல் இருந்திருக்கும். அவர் மறந்துவிட்டார். அவருடைய மேசைக்கு முன்னால் நின்று, அந்தப் படம் பொய் என்று நான் என் வாயாலேயே சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. நான் வேலையை விட்டுக் கொடுத்த விஷயம் அந்த மனிதனின் தலைக்குள் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. கோதாரி பிடிச்ச கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு பொறுக்கி நிமிர்த்தி வைத்தேன், திருத்தங்கள் தேவையே.

திரும்பவும் அதே போட்டோக் கொப்பிக் கடை. பென் ட்ரைவில் இரண்டு படமும் இருந்தன. எதை அடிப்பது என்று அக்கா கேட்டார். புதியதைக் காட்டினேன். பக்கம் மெஷினிலிருந்து சூடாக வந்தது. அக்கா அதைக் கையில் எடுத்து, சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று விரல் வைத்து எண்ணினார்.

"இந்த முறை எட்டும் இருக்கு, மிஸ். இதைக் கலரிலைதான் அடிக்க வேணும்."

கட்டிய பிரதியை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். அதற்கு முன் மூன்று நாள் நான் கதைக்க வேண்டியதைப் பாடமாக்கியிருந்தேன். படத்தை மாற்றமாட்டேன் என்பதிலிருந்து தொடங்கி, மெயின் சுவிச், போயா விடுமுறை, பன்னிரண்டு கணினிகள், அவர் மறந்தது, எல்லாம் வரிசையாக. ஏலம் கூறுகிற சத்தத்தில் கதைக்க வேண்டும் என்றும் முடிவு செய்திருந்தேன். வெளி விறாந்தை முழுக்கக் கேட்கட்டும்.

அவர் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருடனோ ஒரு கூட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். ஆய்வேட்டை வாங்கி, கையெழுத்துப் பக்கத்தை மட்டும் திறந்தார். பேனையைத் தேடினார். நான் என் பேனையைக் கொடுத்தேன்.

"படத்தை மாத்தினனீரோ?"

"மாத்தேல்லை, சேர்."

"நல்லது, நல்லது" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். திகதி போட்டார். பேனையைத் திருப்பித் தந்தார். கைபேசியில் இருந்தவரிடம், ஓம் ஓம், நீங்கள் சொல்லுங்கோ என்றார்.

நான் விறாந்தையில் நின்றேன். ஒருவர் சத்தம் போடுவதற்கு எதிரே இன்னொருவர் நிற்க வேண்டும். அறைக்குள் இருந்தவர் ஏற்கெனவே வேறெங்கோ போய்விட்டார். பாடமாக்கியது எல்லாம் வாய்க்குள்ளேயே இருந்தது. ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இப்போது கொடிகாமத்தில் ஒரு ரியூட்டரியில் உயர்தரப் பௌதிகம் படிப்பிக்கிறேன். அலைகள், வெப்பம், மின்புலம். பிள்ளைகள் நல்லவர்கள். அங்கேயும் கரண்ட் போகும், மெழுகுதிரியைக் கொளுத்திக்கொண்டு படிப்பிப்பேன். அந்த ஆய்வேட்டின் ஒரு பிரதி துறை நூலகத்தில், கதவுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. தலைவர் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் தேத்தண்ணிக்குப் போவார். இதை அவர் வாசிப்பாரோ தெரியாது. வாசித்தால் ஒன்றே ஒன்று சொல்ல இருக்கிறது, கத்தாமலே சொல்கிறேன்.

எழுபத்தோராம் பக்கம், சேர். ஒருக்காத் திறந்து பாருங்கோ.